சிக்னலில் மட்டும் எரிந்த சிவப்பு விளக்கு

திருநெல்வேலியிலிருந்து வரும் சாளுக்கியா எக்ஸ்பிரஸுக்கு தாதர்தான் கடைசி நிலையம். மே மாத விடுமுறைக்கு அக்காவும் அவள் மகளும் அதில்தான் வந்து இறங்கினார்கள். என் மருமகள் ஆறாம் வகுப்பு முடித்தவள். கேள்வி கேட்பதில் கெட்டிக்காரி. பதில் சரியில்லை என்றால் விடமாட்டாள்.

அவர்களை அழைத்துவர அப்பாவின் பழைய பிரிமியர் பத்மினியை எடுத்துப் போயிருந்தேன்.

"ஐ! சினிமால வர்ற பம்பாய் டாக்சி!" என்றாள்.

"டாக்சி இல்ல, நம்ம வீட்டு வண்டி. ஆனா அந்த டாக்சியும் இதே மாடலாத்தான் இருந்துச்சு" என்றேன்.

பத்மினியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இத்தாலியின் ஃபியட் 1100 என்ற காரை, தாதருக்குப் பக்கத்திலேயே இருக்கும் குர்லாவில் பிரிமியர் ஆட்டோமொபைல்ஸ் தயாரித்தது. 1974இல் அதற்கு 'பத்மினி' என்று பெயர் வந்தது. 1089 சிசி இன்ஜின், நான்கு சிலிண்டர். கியர்க் கம்பி ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும். மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்சி என்றாலே பல வருடங்களுக்கு இதுதான். கடைசி பத்மினி டாக்சி 2003 அக்டோபர் 29 அன்று தார்தேவ் ஆர்.டி.ஓ.வில் பதிவானது. மும்பையில் டாக்சிக்கு ஆயுள் 20 வருடம். அதனால் 2023 அக்டோபர் 30 முதல் பத்மினி டாக்சி தெருவில் இல்லை. எங்களுடையதைப் போல சொந்தக்காரர்கள் பாதுகாத்து வைத்திருக்கும் சில வண்டிகள்தான் இன்னும் ஓடுகின்றன.

தாதர் டிடி சிக்னலில் நின்றோம். டிடி என்றால் டிராம் டெர்மினஸ். 1964 மார்ச் 31ஆம் தேதியோடு பம்பாயில் டிராம் நின்றுவிட்டது. பெயர் மட்டும் இன்னும் அதே இடத்தில் நிற்கிறது.

"மாமா, இங்க ஒரு செவப்பு லைட் மினுக்குது" என்றாள் மருமகள்.

அதற்குள் பச்சை விழுந்தது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். விளக்கு அணைந்தது.

"போயிருச்சு."

அடுத்த சிக்னலில் நின்றோம். மறுபடி மினுக்கியது. கிளம்பினோம். மறுபடி அணைந்தது. நான் வண்டியை ஓரங்கட்டி, இன்ஜினையும் நிறுத்திவிட்டேன்.

"வண்டி நல்லாத்தான ஓடுது? ஏன் நிறுத்திட்டீங்க?"

"அது ஆயில் லைட். மத்த லைட்டெல்லாம் 'கவனி'ன்னு சொல்லும். இது 'நிறுத்து'ன்னு சொல்லும்."

"அப்ப சிக்னல்ல மட்டும் ஏன் சொல்லுது? ஓடும்போது ஏன் சொல்ல மாட்டேங்குது?"

நல்ல கேள்வி. அன்றைக்கு எங்களைத் துப்பறிய வைத்தது இந்தக் கேள்விதான்.

முதல் கேள்வி: ஆயில் இருக்கிறதா?

தாராவியில் ஷெட் வைத்திருக்கும் மேஸ்திரித் தாத்தாவுக்குப் போன் செய்தேன். அவர் ஸ்கூட்டரில் வந்து சேர்வதற்குள் முதல் சோதனையை நாங்களே செய்துவிட்டோம்.

பானெட்டைத் திறந்தால் இன்ஜின் பக்கத்தில் ஒரு நீளக் கம்பி செருகியிருக்கும். அதுதான் டிப் ஸ்டிக். இன்ஜினை நிறுத்தி ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும். மேலே போன ஆயில் அடியில் இருக்கும் சம்ப் என்ற தொட்டிக்கு வடிந்து வர அந்த நேரம் தேவை. கம்பியை உருவி, துணியால் துடைத்து, மறுபடி செருகி எடுத்துப் பார்த்தோம். இரண்டு கோடுகளுக்கு நடுவில் ஆயில் பளபளத்தது.

"ஆயில் இருக்கே! அப்ப லைட் பொய் சொல்லுதா?"

"ஆயில் இல்லைன்னு அது சொல்லவே இல்லையே. ஆயில்ல அழுத்தம் இல்லைன்னுதான் சொல்லுது."

மருமகள் புருவத்தைச் சுருக்கினாள். இருப்பது வேறு, அழுத்தத்தோடு போய்ச் சேர்வது வேறு என்பது அவளுக்குப் பிடிபடவில்லை. அதற்குள் மேஸ்திரி வந்துவிட்டார்.

மூன்றாம் மாடிக் குழாய்

"என்ன புள்ள, ஊர்லேருந்து வந்தியாக்கும்?" என்று அவர் கேட்டதும் மருமகளின் முகம் மலர்ந்தது. மேஸ்திரியின் அப்பா காலத்திலேயே அவர்கள் குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்துவிட்டது. பேச்சு மட்டும் ஊரை விட்டு வரவில்லை.

லைட் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, அக்காவிடம் திரும்பினார்.

"நீ இங்கதான வளந்த? உங்க சால்ல எத்தனாவது மாடி?"

"மூணாவது மாடி." சால் என்றால் மும்பையின் மாடி வரிசைக் குடியிருப்பு.

"காலைல தண்ணி விடுற நேரத்துல, கீழ் வீட்டுக்காரங்க எல்லாரும் குழாயைத் தெறந்தா உங்க குழாய்ல எப்படி வரும்?"

அக்கா சிரித்தாள். "நூல் மாதிரி வரும். நான் மாடியிலேருந்து கத்துவேன், 'கீழ குழாயை மூடுங்க'ன்னு."

"அம்புட்டுத்தான் விஷயம்" என்றார் மேஸ்திரி.

நான் விளக்கினேன். இன்ஜினின் அடித்தொட்டியில் ஒரு பம்ப் இருக்கிறது. பல்லோடு பல் சேர்ந்து சுற்றும் இரண்டு சின்னச் சக்கரங்கள்தான் அது. ஒவ்வொரு சுற்றுக்கும் இத்தனை ஆயில் என்று அள்ளி மேலே தள்ளும். அந்த ஆயில் ஃபில்டர் வழியாகப் போய், இன்ஜினுக்குள் துளைத்திருக்கும் நீண்ட குழாய்ப் பாதையில் ஏறும். அங்கிருந்து ஒவ்வொரு பேரிங்குக்கும் கிளை பிரியும். பேரிங் என்பது சுற்றுகிற தண்டைத் தாங்கும் இடம். தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவில் மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு அளவுக்கு இடைவெளி உண்டு. தலைமுடி நுழையவே திணறும். அந்த இடைவெளி வழியாகத்தான் ஆயில் வெளியே கசிந்து, மறுபடி தொட்டிக்குள் சொட்டுகிறது.

பம்ப் ஆயிலைத் தள்ளத்தான் செய்யும். அழுத்தத்தைப் பிறப்பிப்பது அந்தக் குறுகிய இடைவெளிகள். வெளியேறும் வழி குறுகலாக இருந்தால் அழுத்தம் ஏறும், அகன்றால் இறங்கும்.

"கீழ் வீட்டுக் குழாய் நெறையத் திறந்திருக்கற மாதிரி!" என்றாள் மருமகள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மாமா, பம்பை யார் சுத்துறது?"

"இன்ஜினேதான்."

"அப்ப சிக்னல்ல நிக்கும்போது இன்ஜின் மெதுவா ஓடும், பம்பும் மெதுவாச் சுத்தும். தண்ணி கம்மியா வரும், குழாய் எல்லாம் தொறந்தே இருக்கும். அதான் சிக்னல்ல மட்டும் லைட் எரியுது!"

மேஸ்திரி அவள் தலையைத் தடவினார். "பாத்தியா, பாதி வேலை முடிஞ்சிருச்சு."

விளக்கு உண்மை பேசுகிறதா?

"இன்னும் முடியல" என்று தொடர்ந்தார். "சொல்றவன் உண்மை பேசுறானான்னு மொதல்ல பாக்கணும்."

இன்ஜினின் பக்கவாட்டில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு ஸ்விட்ச் திருகியிருந்தது. அதற்குள் ஒரு மெல்லிய தகடும் ஒரு ஸ்பிரிங்கும் இருக்கின்றன. ஆயில் அழுத்தம் தகட்டைத் தள்ளினால் மின்தொடர்பு விலகி விளக்கு அணையும். அழுத்தம் விழுந்தால் ஸ்பிரிங் ஜெயித்து, தொடர்பு ஒட்டி, விளக்கு எரியும். சதுர அங்குலத்துக்கு ஐந்து பவுண்டு என்ற அளவையொட்டி அழுத்தம் இறங்கும்போது இது நடக்கும். உங்கள் வீட்டுக் காரின் டயரில் 30 பவுண்டு போலக் காற்று அடிப்பார்களே, அதே பவுண்டுக் கணக்குதான். ஐந்து பவுண்டு எவ்வளவு குறைவு என்று இப்போது புரியும்.

மேஸ்திரி சாவியைத் திருப்பி விளக்கை எரியவிட்டு, ஸ்விட்சின் ஒயரைக் கழற்றினார். விளக்கு அணைந்தது. அப்போதும் எரிந்திருந்தால் ஒயர் எங்கோ உரசி பாடியைத் தொடுகிறது என்று அர்த்தம். அடுத்து ஸ்விட்சையே கழற்றி, அந்த ஓட்டையில் ஒரு ரப்பர் ஹோஸைத் திருகினார். ஹோஸின் மறுமுனையில் முள் வைத்த பிரஷர் கேஜ்.

"லைட்டுக்கு ஆமா, இல்லை, ரெண்டு வார்த்தைதான் தெரியும். இவன் கணக்குச் சொல்லுவான்."

இன்ஜின் இன்னும் சூடாகவே இருந்தது. ஸ்டார்ட் செய்து மெதுவாக ஓடவிட்டார். முள் ஐந்தைத் தொட்டு நடுங்கியது. ஆக்ஸிலரேட்டரைக் கொடுத்தார். நிமிடத்துக்கு 3000 சுற்று இருக்கும்போது 25ஐத் தாண்டவில்லை. ஆயிரம் சுற்றுக்குப் பத்துப் பவுண்டாவது வேண்டும் என்பது மெக்கானிக்குகளின் வாய்க்கணக்கு. மூவாயிரத்துக்கு 30 இருக்க வேண்டும். இல்லை.

டிப் ஸ்டிக்கை எடுத்து முகர்ந்தும் பார்த்தார்.

"எதுக்குத் தாத்தா மோந்து பாக்கறீங்க?"

"பெட்ரோல் வாடை அடிக்குதான்னு பாக்கேன். பெட்ரோல் பம்புக்குள்ள இருக்கற ரப்பர் கிழிஞ்சா பெட்ரோல் ஆயில்ல கலந்துரும். ஆயில் தண்ணியாயிரும். தண்ணியானா சந்துல சீக்கிரம் ஓடிரும்."

வாடை இல்லை. வண்டியை மெதுவாக ஷெட்டுக்கு ஓட்டிப் போகலாமா என்று கேட்டேன். "கயிறு கட்டி இழுத்துக்கிடலாம்" என்றார். அப்படியே செய்தோம்.

மறுநாள் காலை, இரவெல்லாம் ஆறிக் கிடந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து பார்த்தபோது முள் 45க்கு ஏறி நின்றது!

"சரியாயிருச்சா?" என்று மருமகள் துள்ளினாள்.

"ஆறின எண்ணெய் கெட்டியா இருக்கும் புள்ள. சந்து பெருசா இருந்தாலும் லேசுல வெளிய போவாது. சூடானதும் பாரு." இருபது நிமிடத்தில் முள் பழையபடி ஐந்துக்கு வந்து படுத்தது.

இது முக்கியமான தடயம். ஆயில் உறிஞ்சும் வலை அடைத்திருந்தால், சூடோ குளிரோ, பம்புக்குப் போதிய ஆயில் கிடைக்காமல் தடுமாறும். அழுத்தம் அளவுக்கு மீறினால் திறந்துகொள்ள ஒரு ரிலீஃப் வால்வு உண்டு. அது திறந்தபடி சிக்கியிருந்தால் வேகத்தைக் கூட்டினாலும் முள் சோம்பிக் கிடக்கும். ஆறியிருக்கும்போது நன்றாக இருந்து, சூடானதும் சரிந்து, வேகம் கூடினால் கொஞ்சம் ஏறுவது எங்கோ இடைவெளி அகன்றுவிட்டதையே காட்டுகிறது. பம்புக்குள்ளாகவும் இருக்கலாம், பேரிங்கிலும் இருக்கலாம்.

தக்கையைத் துப்பிய அச்சு

முந்தின நாள் இரவு சாப்பிடும்போதே மருமகள் வேறொரு சந்தேகத்தைக் கிளப்பியிருந்தாள். "இருபத்தஞ்சு பவுண்டு வச்சு அவ்வளவு கனமான இரும்புத் தண்டை எப்படி மாமா தூக்க முடியும்?"

தூக்க முடியாதுதான். அதை வைத்து ஒரு கதை சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

1883இல் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற பொறியாளர், ரயில் பெட்டியின் அச்சையும் அதன்மேல் அமரும் பேரிங்கையும் வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார். ஆயில் விடுவதற்காகப் பேரிங்கின் மேல்பக்கத்தில் ஓர் ஓட்டை போட்டார். அச்சைச் சுற்றவிட்டதும் ஓட்டை வழியாக ஆயில் உள்ளே போகவில்லை, வெளியே பொங்கி வந்தது. தக்கையால் அடைத்தார். தக்கையைத் துப்பியது. மரக்கட்டையை அடித்து இறுக்கினார். அதையும் துப்பியது. கடைசியில் ஒரு பிரஷர் கேஜைப் பொருத்தினார். பேரிங்கின் மேல் ஏற்றிய சுமை சராசரியாகச் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு. கேஜின் முள்ளோ 200ஐயும் தாண்டிப் போனது!

காரணத்தை 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற அறிஞர் கணிதத்தால் விளக்கினார். சுற்றுகிற தண்டு தன்னை ஒட்டியிருக்கும் ஆயிலையும் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. இழுபடும் ஆயில் அகலமான இடத்திலிருந்து குறுகலான இடத்துக்குள் ஆப்பு போல நெருக்கியடித்து நுழைகிறது. அந்த நெருக்கடியில் பிறக்கும் அழுத்தம் தண்டையே தூக்கி நிறுத்திவிடுகிறது. இரும்பு இரும்பைத் தொடுவதில்லை. தண்டு ஆயிலில் மிதக்கிறது.

மும்பை மழையில் இதை நீங்கள் பார்த்திருக்கலாம். தண்ணீர் தேங்கிய சாலையில் வேகமாகப் போகும் கார் சறுக்கும். டயருக்கு அடியில் தண்ணீர் ஆப்பு போல நுழைந்து வண்டியைத் தரையிலிருந்து தூக்கிவிடுவதுதான் காரணம். சாலையில் ஆபத்தான அதே விஷயம் இன்ஜினுக்குள் உயிர் காக்கிறது.

ஆகத் தண்டைத் தூக்குவது பம்பின் வேலை இல்லை. தூக்குகிற ஆயில் கசிந்துகொண்டே இருக்கிறதே, அதற்கு ஈடாகப் புது ஆயிலை ஊட்டிக்கொண்டே இருப்பதுதான் பம்பின் வேலை. அழுத்தம் குறைந்தால் ஊட்டுவது குறையும். கடைக்கோடிப் பேரிங் முதலில் பட்டினி கிடக்கும், மூன்றாம் மாடிக் குழாயைப் போல. ஆயில் படலம் கிழிந்தால் இரும்பு உரசும், சூடேறும், 'டொக் டொக்' என்று தட்டும். அப்படியும் ஓட்டினால் இன்ஜின் இறுகி நின்றுவிடும்.

செய்து பாருங்கள்

ஒரு காலிப் பிளாஸ்டிக் பாட்டிலின் பக்கவாட்டில், அடியை ஒட்டி, பெரியவர் ஒருவரின் உதவியோடு ஊசியால் ஓர் ஓட்டை போடுங்கள். தண்ணீர் நிரப்பி, மூடி, குளியலறையில் வைத்துச் சீரான வேகத்தில் அமுக்குங்கள். தண்ணீர் எவ்வளவு தூரம் பாய்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே மட்டத்தில் இன்னும் நான்கைந்து ஓட்டைகள் போட்டு, அதே வேகத்தில் அமுக்கிப் பாருங்கள். பாய்ச்சல் சுருங்கிக் காலடியிலேயே விழும். உங்கள் கைதான் பம்ப். ஓட்டைகள்தான் தேய்ந்த பேரிங்குகள்.

வெள்ளைத் தட்டில் ஜிகினா

ஷெட்டில் ஆயிலை ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் வடித்தார் மேஸ்திரி. தட்டை வெயிலில் சாய்த்து ஆட்டினார். கறுப்பு ஆயிலுக்குள் துகள்துகளாக மின்னியது.

"ஜிகினா மாதிரி இருக்கு" என்றாள் மருமகள்.

"ஜிகினா இல்ல, பேரிங்."

சம்ப்பைக் கழற்றினார். வலையில் கொஞ்சம் கசடு இருந்தது, அடைப்பு இல்லை. ரிலீஃப் வால்வு தடையின்றி ஏறி இறங்கியது. பம்பின் பல்சக்கரங்களுக்கும் மூடிக்கும் நடுவில் மெல்லிய அளவுத் தகட்டை நுழைத்துப் பார்த்தார். இடைவெளி சரியாக இருந்தது. கடைசியாக ஒரு பேரிங்கின் பிடியைக் கழற்றினார். உள்ளே அரைவட்டத் தகடு போல ஷெல் இருந்தது. நல்ல ஷெல் சீரான சாம்பல் நிறத்தில் இருக்கும். இதில் சாம்பல் பூச்சு தேய்ந்து, அடியிலிருந்த செம்பு நிறம் திட்டுத்திட்டாகத் தெரிந்தது.

லேத் பட்டறையில் மைக்ரோமீட்டர் வைத்து அளந்தார்கள். இடைவெளி இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்கு.

"ரெண்டு மடங்குன்னா கசிவும் ரெண்டு மடங்குதான?" என்று கேட்டாள்.

இங்கேதான் இயற்கை ஒரு வேடிக்கை செய்கிறது. இப்படிப்பட்ட மெல்லிய சந்துகளில் கசிவு இடைவெளியின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். இடைவெளி இரண்டு மடங்கானால் கசிவு 2 × 2 × 2, அதாவது அதே அழுத்தத்தில் எட்டு மடங்கு! கண்ணுக்குத் தெரியாத தேய்மானம் சிக்னலில் விளக்கை எரிய வைத்தது இதனால்தான். யார் மேலும் குற்றமில்லை. பல வருட ஓட்டத்தில் எந்தப் பேரிங்கும் தேயத்தான் செய்யும்.

ஷெட்டில் நின்றிருந்த ஒருவர், "கெட்டியான ஆயிலை ஊத்துங்க, லைட் அணைஞ்சிரும்" என்று யோசனை சொன்னார். அணைந்திருக்கும். ஆனால் அகன்ற சந்து அகன்றேதான் இருக்கும். ஆறிய இன்ஜினில் அந்தக் கெட்டி ஆயில் கடைக்கோடி வரை போய்ச் சேரவும் தாமதமாகும். "பழைய வண்டிய விக்கிறவன் செய்ற வேலை அது" என்று சொல்லிவிட்டு மேஸ்திரி ஸ்பேனரைக் கையில் எடுத்தார்.

கிராங்க் ஷாஃப்ட் என்ற அந்தத் தண்டு கிரைண்டிங்குக்குப் போனது. சீரில்லாமல் தேய்ந்த தண்டைச் சற்று மெலிதாகச் சாணை பிடித்து வட்டமாக்கி, அதற்கேற்ப உள்வட்டம் சிறுத்த ஷெல்களைப் போடுவார்கள். 'டென்', 'ட்வென்டி' என்று கேட்டு வாங்குவது வழக்கம். அங்குலத்தில் ஆயிரத்தில் 10 பங்கு, 20 பங்கு என்று பொருள். எங்களுக்கு டென் போதுமாக இருந்தது. அது கால் மில்லிமீட்டர்.

கடைசிக் கேள்வி

விடுமுறை முடிந்து தாதர் ஸ்டேஷனுக்குத் திரும்பும்போது அதே டிடி சிக்னலில் நின்றோம். வெயில் கொளுத்தியது, இன்ஜின் நன்றாகச் சூடேறியிருந்தது. சிவப்பு விளக்கு எரியவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. மருமகள் மட்டும் விளக்கையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, அது எரியலைன்னா ரெண்டு காரணம் இருக்கலாம்ல? அழுத்தம் நல்லா இருக்கலாம். இல்ல, பல்பு ஃபியூஸ் போயிருக்கலாம்."

எனக்கு இது தோன்றவே இல்லை. ஸ்டேஷன் வாசலில் நிறுத்தியதும் இன்ஜினை அணைத்தேன். சாவியை முதல் கட்டத்துக்கு மட்டும் திருப்பினேன். இன்ஜின் ஓடவில்லை, பம்ப் சுற்றவில்லை, அழுத்தம் பூஜ்யம். விளக்கு எரிந்தே ஆக வேண்டும்.

பளிச்சென்று எரிந்தது.

சாவியை இன்னும் திருப்பி ஸ்டார்ட் செய்தேன். மனதுக்குள் ஒன்று, இரண்டு எண்ணுவதற்குள் அணைந்தது.

"இப்ப நம்பலாம்" என்று சொல்லிவிட்டு மருமகள் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.